கைமாறும் உடைமையும் கைவிடப்படும் உழைப்பாளரும்

விழா மலரிலே கல்லூரியின் புகழ் பாடுதல் மரபு. நமது ஆசிரியப் பெருமக்களின் அருமையையும், விளையாட்டரங்கில் நம்மவர் ஈட்டிய வெற்றிகளையும், பிறநாடுகளிற் பழைய மாணவர் வகிக்கும் உயர்பதவிகளையும் எடுத்துரைக்கும் கட்டுரைகள் பல இம்மலரில் இடம்பெறும் என்பது திண்ணம். ஆகலின், விழாக்காலத்துக்கு அத்துணை ஏற்றதன்று எனச் சிலர் கருதக்கூடிய ஒரு பொருளைப் பற்றி யாம் சில கூறத் துணிந்தோம். ஓர் உடைமை ஒருவர் கையிலிருந்து வேறொருவர் கைக்கு மாறும்போது, அதில் உழைத்து வந்தோரின் கதி யாதாகின்றது என்பதே அப்பொருள்.

இவ்வினா அண்மையில் உலகெங்கும் எழுந்ததொன்று. 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எலோன் மஸ்க் என்னும் செல்வர் டுவிட்டர் நிறுவனத்தை 4,400 கோடி டொலருக்கு வாங்கினார். அந்நிறுவனத்தில் அப்போது ஏறத்தாழ 7,500 பேர் பணியாற்றினர். நவம்பர் முதல் வாரம் முடியுமுன்னரே அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மின்னஞ்சல் வாயிலாக விலக்கப்பட்டனர். 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அக்டிவிஷன் பிளிசார்ட் என்னும் கணினி விளையாட்டு நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2024 சனவரியில் அதன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேருக்கு வேலை இல்லையாயிற்று. நமது பழைய மாணவருட் கணினித் தொழிலை மேற்கொண்டோர் பலர். கொழும்பிலும் பெங்களூரிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இச்செய்திகளை வாசித்தபோது, தமக்கும் இக்கதி நேருமோ என்று அவர் அஞ்சியிருப்பர். காலையில் எழுந்து கணினியைத் திறக்க முயன்றவனுக்கு, அது திறவாமையே வேலைநீக்க அறிவித்தலாகும் காலம் வந்துவிட்டதே என்று வியந்தோரும் உளர்.

யாம் வியக்கவில்லை. சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்தவர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மின்னஞ்சல் புதிது; கணினி புதிது; செயலோ மிகப் பழையது.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லைப் பக்கங்களில் இறப்பர் மரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் மலை உயர உயரத் தேயிலை தொடங்குகின்றது. நுவரெலியாவிற் போலத் தோட்டத்தை அடுத்துத் தோட்டமாக இங்கே நிலம் பரந்து கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. அத்தோட்டங்களிலே பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்தவர், கடந்த இரு நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். அரைநாட் கூலியை 'அரைப்பேர்' என்பர். செக்ரோலிலே பெயர் இருந்தாற் பேர் உண்டு. அந்நாளிற் பேர் இருந்தாற் கூலி இருந்தது, லயத்தில் ஓர் அறை இருந்தது, பிள்ளைக்குத் தோட்டப் பாடசாலை இருந்தது. பெயர் நீங்கினால் இவை அனைத்தும் ஒருங்கே நீங்கின. வேலையிழந்த கணினிப் பொறியியலாளர் தம் வீட்டிலிருந்துகொண்டே வேறு வேலை தேடலாம். தோட்டத் தொழிலாளிக்கோ வேலையும் வீடும் ஒன்றே. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கேகாலை மாவட்டத்து உந்துகொடையிலே நேவ்ஸ்மியர் என்னும் தோட்டம் ஒன்றிருந்தது. மலையக வரலாற்றில் உருளவள்ளிப் போராட்டம் என்று பேசப்படுவது இத்தோட்டத்திலே நிகழ்ந்ததாகும். காணியற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. டி. எஸ். சேனாநாயக்கா அவர்கள் விவசாய அமைச்சராக இருந்த காலம் அது. தோட்டம் கைமாறியது, தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946 ஆம் ஆண்டில் இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டு, அயற்றோட்டங்களுக்கும் பரவியது. தாம் பிறந்து வளர்ந்த லயத்தறையில் தொடர்ந்து தங்கியிருந்த குற்றத்துக்காகத் தொழிலாளர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். அவர்மீது சாட்டப்பட்டது அத்துமீறல் என்னும் குற்றம்.

அவருள் ஒருவரின் வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. 1950 ஆம் ஆண்டிலே அக்கழகம் அத்தொழிலாளிமீது விதிக்கப்பட்ட குற்றத்தீர்ப்பை நீக்கியது. பிறர்க்குத் தொல்லை விளைத்தலே முதன்மையான நோக்கமாக இருந்தாலன்றி இத்தகைய இருப்பு குற்றமாகாது என்பதும், தனக்கு உரிமையுண்டென்று நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பவனின் நம்பிக்கை சட்டப்படி தவறாயினும் அவன் அதனாற் குற்றவாளி ஆகான் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். நாற்பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவின் மலையடிவாரத்து லயத்தறைக்காக அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்தது! எனினும் அத்தீர்ப்பு அவருக்கு வேலையை மீட்டுக் கொடுக்கவில்லை. குற்றவாளி அல்லன் என்பது வேறு. உரிமையுடையவன் என்பது வேறு.

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு கூறுதல் எமது கடன். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் துணைகொண்டு கிராமத்தவர் புழங்கிவந்த காடும் சேனை நிலமும் அரசுடைமையாக்கப்பட்டுத் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டன. கேகாலைக் கிராமத்துச் சிங்கள உழவன் காணி கேட்டமை அநீதியன்று. அவனுக்குக் காணி கொடுத்ததும் அநீதியன்று. ஓர் ஏழையின் குறையைத் தீர்க்க மற்றோர் ஏழையின் அடுப்பை அணைத்ததே அநீதி. காணியைப் பறித்தவர் எவரோ. அதற்கு விலை கொடுத்தவர் பால் வெட்டியவர்.

கால் நூற்றாண்டு கழிந்தபின் அதே கதை பன்மடங்கு விரிந்து நிகழ்ந்தது. 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், தனியொருவர் வைத்திருக்கத்தக்க காணியின் உச்ச அளவை 50 ஏக்கர் என்றும், வயலாயின் 25 ஏக்கர் என்றும் வரையறுத்தது. எஞ்சியதைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழு பொறுப்பேற்றது. 1975 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசின்பாற் சேர்த்தது. தம் காணி பறிபோகப் போகின்றது என்றறிந்த உரிமையாளர் பலர் தோட்டத்தைப் பேணுவதைக் கைவிட்டனர். வேலைநாட்கள் குறைந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் அதனோடு சேர்ந்தது. தோட்டங்களில் மரண வீதம் திடுக்குறுமாறு உயர்ந்தது. சப்ரகமுவவிலும் மத்திய மலைநாட்டின் தாழ்பகுதிகளிலும் தொழிலாளர் பலர் வேலையிழந்து லயங்களை விட்டு நீங்கினர்; வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றோர் ஒரு சாரார்; நகரத் தெருக்களிற் கையேந்தி நின்றோர் மற்றொரு சாரார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களாதலின், பகிர்ந்தளிக்கப்பட்ட காணியில் ஒரு துண்டைக் கேட்கும் தகுதியும் அவருட் பலருக்கு இருக்கவில்லை. காணியை இழந்த உரிமையாளருக்கு இழப்பீடு கணக்கிடும் விதிகள் சட்டத்திலே விரிவாக இருந்தன. வேலையை இழந்தவனின் இழப்பைக் கணக்கிட எவரும் ஏட்டைத் திறக்கவில்லை.

இதனை யாம் நூலிற் படித்து மட்டும் அறிந்தோமல்லோம். 1974 ஆம் ஆண்டிலே எமது வகுப்பில், கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் இருவர் இருந்தனர். ஒருவர் கணிதத்தில் எம்மனைவரையும் விஞ்சியவர். சித்திரை விடுமுறைக்கு ஊர் சென்ற அவ்விருவரும் மீளவில்லை. வகுப்பாசிரியர் காலைதோறும் இடாப்பை விரித்து அவர்தம் பெயர்களையும் தவறாது அழைப்பார். மறுமொழி இராது. ஆசிரியர் சற்றுப் பொறுத்து அடுத்த பெயருக்குச் செல்வார். தவணை முடிவிலே அப்பெயர்கள் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டன. அதற்கு முன்னரே அவர்தம் தந்தையரின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன என்பதை மிகப் பிந்தியே அறிந்தோம். ஒருவர் குடும்பம் வவுனியாவுக்குப் போயிற்று என்று கேள்வியுற்றோம். கணிதத்தில் வல்லவரைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியுமில்லை. நாற்பது மாணவர் இருந்த அவ்வகுப்பிலே ஒருவரேனும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோமல்லோம். தோட்டம் கைமாறியதற்கு யாம் பொறுப்பல்லோம். கேளாது விட்டதற்கு யாமே பொறுப்பு.

அக்காலத்தில் தொழிலாளரைக் காக்கும் சட்டம் நாட்டில் இல்லாமலில்லை. காணிச் சீர்திருத்தத்துக்கு ஓராண்டு முன்னரே, 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம் நிறைவேறியிருந்தது. பதினைந்து பேருக்குக் குறையாத வேலையாட்களை வைத்திருக்கும் தொழில்கொள்வோர், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெதற்காகவும், வேலையாளின் எழுத்து மூலமான இசைவோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவரை விலக்கலாகாது என்பது அதன் விதி. ஆசிய நாடுகளிற் பலவற்றினும் இது வலிய காப்பு. ஆனால் அச்சட்டம் தனியாரைக் கட்டுப்படுத்தியதேயன்றி, தொழில்கொள்வோர் என்ற நிலையில் அரசாங்கத்தையும் பொதுக் கூட்டுத்தாபனங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கட்டுப்படுத்தவில்லை. தோட்டங்களைப் பொறுப்பேற்கவிருந்தோரோ இவர்களே! வேலி கட்டப்பட்டது; வாயில் திறந்தே விடப்பட்டது.

பின்னர் 1992 ஆம் ஆண்டிலே தோட்டங்கள் மீண்டும் கைமாறின. அரச கூட்டுத்தாபனங்கள் இரண்டின் கீழிருந்த தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, தனியார் முகாமையில் ஒப்படைக்கப்பட்டன. சில ஆண்டுகளின்பின் அவற்றின் பங்குகளும் விற்கப்பட்டன. கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை என்னும் நமது மாகாணத்து ஊர்ப்பெயர்கள் பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறியது அவ்வாறே. அக்காலத்தில் அக்கம்பனிகளின் கீழ் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர்; இன்று இருப்போர் அதிற் பாதிக்கும் குறைவு. இக்குறைவு முழுவதும் ஆட்குறைப்பால் வந்தது என்று கூறுவது உண்மையாகாது. இளைஞர் பலர் கொழும்பையும் மத்திய கிழக்கையும் நாடித் தாமாகவே சென்றனர். ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமற் போயின. சில இடங்களில் இறப்பரும் தேயிலையும் நின்ற நிலத்தில், குறைந்த ஆட்களைக் கொண்டே நடத்தக்கூடிய செம்பனை நடப்பட்டது. ஆரவாரமின்றி, அறிவித்தலின்றி, ஒவ்வொரு பெயராகச் செக்ரோல் சுருங்கிற்று. டுவிட்டரில் ஒரே வாரத்தில் நிகழ்ந்தது இங்கே முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது.

இவ்விடத்திலே எம்மை மறுப்போர் கூறுவதையும் கேட்டல் முறை. "நட்டத்தில் மூழ்கும் நிறுவனத்தை வாங்குபவன், ஆட்களைக் குறையாது அதனை எவ்வாறு மீட்பான்? ஒரு சிலரை விலக்கிப் பலரைக் காப்பதன்றோ அறிவுடைமை? இறப்பர் விலை உலகச் சந்தையில் வீழ்ந்தால் யார் என்ன செய்ய இயலும்?" என்று அவர் வினவுவர். நமது பழைய மாணவருட் கணக்காளரும் முகாமையாளரும் இவ்வாறு கூறுவதை யாம் நேரிற் கேட்டுள்ளோம். இதில் உண்மை இல்லையென்று யாம் கூறோம். எல்லா வேலையும் எக்காலத்தும் நிலைக்கும் என்பது நடவாத காரியம். கப்பல் அமிழும்போது சுமையைக் குறைத்தல் வேண்டுந்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிற் கடலில் எறியப்படும் சுமை துடுப்பு வலிப்பவனாகவே இருப்பதேன்? உடைமை கைமாறிய மறுவாரமே, கணக்கேடுகளைப் படித்து முடிக்குமுன்னரே, பாதிப்பேர் வேண்டாதவராகிவிடுவது எவ்வாறு? அது கணக்கன்று, கணக்கின் பெயரால் நிகழும் அவசரம்.

பிறநாடுகள் இதற்கு ஒரு வழி கண்டுள்ளன. ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1977 ஆம் ஆண்டிலே ஒரு பணிப்புரையை ஏற்றுக்கொண்டன. அதனைத் தழுவிப் பிரித்தானியா 1981 ஆம் ஆண்டில் விதிகள் வகுத்து, 2006 ஆம் ஆண்டில் அவற்றைப் புதுக்கியது. ஒரு தொழில் கைமாறினால் அதிலுள்ள பணியாளரும் தம் சேவைக்காலத்தோடும் பழைய நிபந்தனைகளோடும் புதிய உரிமையாளரிடம் செல்வர் என்பதும், கைமாற்றத்தையே காரணமாகக் காட்டி அவரை விலக்கலாகாது என்பதும் அவற்றின் கருத்து. பங்குகளை மட்டும் வாங்கும் கைமாற்றத்தை அவ்விதிகள் தழுவா என்னும் குறையுண்டு. எனினும் அடிப்படை நேரியது. இந்தியா, 1947 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்திற் பின்னர் ஒரு பிரிவைச் சேர்த்து, சேவை முறிவின்றித் தொடராவிடின் கைமாற்றத்தாற் பாதிக்கப்படும் தொழிலாளிக்கு அறிவித்தலும் நட்டஈடும் உரியன என்று விதித்தது. தொழிலாளர்க்கு அத்துணை இரங்காத அமெரிக்காவிலும், பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டின் சட்டமொன்று கூறுகின்றது. நமது நாட்டிலே 1971 ஆம் ஆண்டுச் சட்டமும், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் உள்ளன. கைமாற்றம் என்னும் நிகழ்ச்சியையே குறித்து வகுத்த பொதுச் சட்டமோ இல்லை.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது: தோட்டமாயினும் தொழிற்சாலையாயினும் கணினி நிறுவனமாயினும், கைமாற்றத்துக்கான உறுதியிலே உழைப்பாளரின் பெயரும் சேவைக்காலமும் ஓர் அட்டவணையாகச் சேர்க்கப்படல் வேண்டும். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நான்கு எல்லையையும் எழுதுகின்றார். நிலத்தில் நிற்கும் மரத்தையும் கட்டடத்தையும் எழுதுகின்றார். அம்மரத்தை நாற்பதாண்டு வெட்டிப் பால் எடுத்தவனை மட்டும் ஏன் எழுதுவதில்லை? இரண்டாவது: ஆட்குறைப்பு உண்மையிலேயே தவிர்க்க முடியாததாயின், அதன் காரணம் தொழிலாளர் படித்தறியும் மொழியில் முன்னரே அறிவிக்கப்பட்டு, அவர்தம் சங்கங்களோடு பேசி முடிவு செய்யப்படல் வேண்டும், அரசாங்கமே உரிமையாளராயினும் இவ்விதி அதனையும் கட்டுப்படுத்தல் வேண்டும். மூன்றாவது: தோட்டத்தில் வாழ்வோரின் வீடு வேலையிலிருந்து பிரிக்கப்படல் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி என்னும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டும் சில இடங்களில் நடைபெற்றும் வருகின்றது. அது உறுதியோடு கூடிய உரிமையாக ஒவ்வொரு லயத்துக்கும் எட்டினாலன்றி, 1946 ஆம் ஆண்டில் நேவ்ஸ்மியரில் எழுந்த வினா தீர்ந்ததாகாது.

இவற்றைச் சட்டமாக்குதல் பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் சட்டம் வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகுமா? நமது பழைய மாணவருள் வழக்கறிஞர் உளர். கைமாற்ற ஒப்பந்தங்களை வரைவோர் அவரே. கணக்காளர் உளர், வாங்கப்படும் நிறுவனத்தின் பெறுமதியை மதிப்பிடுவோர் அவரே. பணிப்பாளர் சபைகளில் அமர்வோரும் உளர். ஓர் ஒப்பந்தம் மேசைமேல் வரும்போது, "இங்கே உழைப்பவர் என்னாவர்?" என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறிய கேள்விக்கு என்றேனும் விடை கூறியே ஆகவேண்டும். கேளாத கேள்விக்கு விடையே இல்லை.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒரு நண்பன் பல நாளாக வாராதிருந்தால், அவன் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் வீட்டில் என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். தொலைவிலே எங்கோ ஓர் உடைமை கைமாறியிருக்கலாம்; அதன் அதிர்ச்சி உங்கள் வகுப்பு வாங்கு வரை வந்திருக்கலாம். யாம் எழுதாது விட்ட கடிதத்தை நீங்களேனும் எழுதுங்கள்.

விழா நாளிலே பழைய மாணவர் அனைவரும் மண்டபத்திற் கூடுவோம். ஆண்டு வரிசையிற் பெயர்கள் வாசிக்கப்படும். எமது வகுப்பின் முறை வரும்போது, இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட அவ்விரு பெயர்களையும் சேர்த்து வாசிக்குமாறு பழைய மாணவர் சங்கத்தைப் பணிவோடு வேண்டிக்கொள்கின்றோம். மறுமொழி இராமற் போகலாம். ஆயினும் அவர்களும் இக்கல்லூரியின் பழைய மாணவரே.